கொப்பியை மூடுங்கோ

செவ்வாய் படிப்பித்ததை வெள்ளி கேட்கவேணும்.
பிறகு பத்தாம் நாள் திரும்பவும்.
மறக்கத் தொடங்குகிற நேரம் பார்த்துக் கேட்டால்
ஊன்றி நிற்குமாம்.
கிளிநொச்சிச் செயலமர்வில்
சோற்றுப் பார்சலோடு ஒரு வரைபடமும் தந்தார்கள்:
ஆவணியில் குளம் வற்றுவதுபோல
இறங்கிப் போகும் கோடு.

துணுக்காய். தரம் எட்டு. வெள்ளி.
"கொப்பியை மூடுங்கோ.
ஒளித்தொகுப்புக்கு என்னென்ன வேணும்?
புள்ளி இல்லை. பிழையென்றாலும் எழுதுங்கோ."

தகரக் கூரையில்
முதிரைச் சருகு விழுந்தது கேட்டது.
கம்சிகா பேனா மூடியைக் கடித்தாள்.
யதுகுலன் நீர் என்று எழுதி, வெட்டி,
கனநேரம் யோசித்து
நீர் என்றே எழுதினான்.

அப்போது பார்த்து ஆலோசகர் வந்தார்.
பின்வாங்கில் ஐந்து நிமிடம்.
பிள்ளைகள் கூரையைப் பார்த்தார்கள்
நான் பிள்ளைகளைப் பார்த்தேன்
அவர் கரும்பலகையைப் பார்த்தார்,
அது வெறுமையாயிருந்தது.
பதிவேட்டில் எழுதிப் போனார்:
கற்பித்தல் நிகழவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

தாள்களை வாங்கினேன்.
சாருஜனுடையதில் ஒரே வரி:
"செவ்வாய் நான் வரேல்ல ரீச்சர்,
முதல்நாள் விடியவிடிய யானைக் காவல்."

வரைபடத்தை விரித்துப் பார்த்தேன்.
கோடு உச்சியில்தான் தொடங்குகிறது.
அங்கே அவன் ஏறவேயில்லை.

திங்கள் இடைவேளையில்
அவனுக்கென்று ஒரு செவ்வாய் வைத்திருக்கிறேன்.
அவனுடைய வெள்ளி வியாழனில் வரும்.
பத்தாம் நாள்தான் யோசனை.
அதற்குள் கதிர் முற்றிவிடும்,
யானைகளுக்கு
அது நல்ல ஞாபகம்.