வாட்டம்

காரங்காட்டில் ஜெசிந்தாவின் வீட்டுக்கு
பிளான் போடப் போயிருந்தேன்.
பிலவேந்திரன் முதலில் காட்டியது
டிவி மாட்டப்போகும் சுவர்.
அவள் என் டேப்பின் நுனியைப் பிடுங்கி
அடுப்படியிலிருந்து கொல்லை வரைக்கும் இழுத்தாள்:
"இங்கேருந்து எழுதுங்க."

விடியக் கருக்கலில் வள்ளம் கரை சேரும்.
நாலு மணிக்கு அண்டாவில் நீலக்கால் நண்டு வேகும்.
ஆறு பெண்கள் சம்மணமிட்டு
தசை வேறு ஓடு வேறாய்ப் பிரிப்பார்கள்.
பதினொன்றுக்கு ஐஸ் பெட்டியோடு கம்பெனி வண்டி.
பன்னிரண்டுக்கு அதே அடுப்பில் உலை.
சோறு, சீருடை, தலையணை எல்லாம் ஒரே வாசம்.
சின்னவளுக்குப் பள்ளியில் பேரே நண்டுதானாம்.

அடுப்படியை இரண்டாக்கினேன்.
தொழிலுக்குத் தரையோடு தாழ்ந்த அடுப்பு.
வீட்டுக்கு முப்பத்திரண்டு அங்குல மேடை.
"முப்பது போதும், நான் குட்டை."
ஆவி எந்த மாதமும் உள்ளே திரும்பாதபடி
வாடைக்கு ஒரு சன்னல், கச்சானுக்கு ஒன்று.
உப்புத் தண்ணிக்குக் கறுப்புக் குழாய்,
குடம் பத்து ரூபாய்த் தண்ணிக்கு நீலம்.
இரண்டும் பிளாஸ்டிக்தான், பித்தளை இங்கே
இரண்டே வருசத்தில் பச்சை பூத்து உதிரும்.
ஓடு அடைக்காமல் வாய்க்காலில் கம்பி வலை.
அடிக்குக் கால் அங்குலம் வாட்டம்.
"வாட்டம் எந்தப் பக்கம்?" என்றேன்.
"மூஞ்சியில வேணாம்க்கா,
தரையில எங்கிட்டுன்னாலும் சரி."
தென்னை மூட்டுப் பக்கம் என்று எழுதிக்கொண்டேன்.

குளியலறை.
படுக்கையறையை ஒட்டி, ஷவர், சந்தன நிற டைல்ஸ்:
பிலவேந்திரன் போனில் படமே வைத்திருந்தான்.
"கதவ வெளிப்பக்கம் வைங்க" என்றாள்.
"விருந்தாளி வந்தா?"
"ஆறு பேரு வர்றாங்கல்ல, தினம்."

அப்புறம்தான் சொன்னாள்.
நாலிலிருந்து பதினொன்று வரைக்கும்
ரெஜினா தண்ணீர் குடிப்பதில்லை.
இப்போது ஏழு மாதம். இப்போதும்தான்.
அலையாத்திக் காட்டுப் பக்கம் முன்னெல்லாம் ஒதுங்கலாம்.
இன்று அங்கே ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு
படகுச் சவாரிக்கு ஆள் வருகிறது.

பிலவேந்திரன் போனை அணைத்தான்.
கோபமா, கூச்சமா, தெரியவில்லை.
வெளியே போய்
ஏற்கெனவே முறுக்கியிருந்த கயிற்றை முறுக்கினான்.
திரும்பி வந்து கேட்டான்:
"ரெண்டா கட்டக் காசு பத்துமா?"
பத்தாது.

ஆகவே ஒன்றே, இரண்டு கதவோடு.
நுழைகிறவள் இரண்டையும் தாழிட வேண்டும்,
போகையில் இரண்டையும் திறந்துவிட வேண்டும்.
"மறந்துட்டா?"
"கத்துவோம்" என்று சிரித்தாள் ஜெசிந்தா.

இரவு மிக்சியை ஓரம் தள்ளிவிட்டு
என் சமையல் மேடையில் லேப்டாப்பை விரித்தேன்.
குக்கர் நாலு விசிலா ஐந்தா, எண்ணத் தவறிவிட்டது.
கதவு, குழாய், சன்னல்,
எல்லா அளவும் சரியாகத்தான் இருந்தது.
சேமிக்கப் போனவள் நின்றேன்.
அந்த ஆறு பேர் உட்காரும் சுவரில்,
கை எட்டும் உயரத்தில்,
ஒன்றரை அடிக்கு ஒரு மாடம் கீறினேன்.
பக்கத்தில் எழுதினேன்:
குடிதண்ணீர்க் குடம்.