நித்திரைக் கணக்கு

ஏழு இரவுக்கு ஒரு மணிக்கூடு தந்தார்கள்.
முள்ளும் இல்லை, இலக்கமும் இல்லை.
மணிக்கட்டில் அதைக் கட்டிவிட்ட தமிழ்ப் பெட்டை,
பல்கலைக்கழகத்துப் பிள்ளை, வடிவாகச் சிரித்தாள்:
வழமைபோல நித்திரை கொண்டால் போதும் அன்ரி.

வழமைபோல.

படிவத்தில் என்ன இனம் என்று ஒரு பெட்டி.
போட்டேன் ஒரு சரி.
பின்னேரம் கோப்பி குடிப்பதுண்டா?
படுக்கையில் ஃபோன் பார்ப்பதுண்டா?
உண்டு, உண்டு.
மேல்மாடி யூனிஸ் தன் படிவத்தைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அவளுடைய டெரல் பதினேழு வயதில் ஆறடி இரண்டங்குலம்;
அவன் வேலை முடிந்து வரும் தெருவில்
சிவப்பும் நீலமுமாய் ஒரு வெளிச்சம் சுழன்றால்
கதவுச் சங்கிலி விழும் சத்தம் கேட்கும்வரை
அவளுக்கு இமை மூடாது.
அதற்கு ஒரு பெட்டியும் இல்லை.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள்.
சொன்னவன் லோரன்ஸ் கிழக்கில் இருந்ததில்லை.
இங்கே நித்திரைக்கு எல்லாம் தெரியும்:
எந்தத் தபால் குறியீடு,
எந்த ஜன்னலுக்கு நேரே பெற்றோல் நிலைய விளக்கு,
யாருக்கு இரவு வேலை,
கையின் நிறம் என்ன.

நான் துடைப்பது பே வீதியில், முப்பத்தோராம் மாடி.
அங்கே ஓர் அறையில் மத்தியான நித்திரைக்கென்றே
சாம்பல் நிறச் சாய்கட்டில்.
விடியப்புறம் இரண்டரைக்கு அதைத் தூசு தட்டுவேன்.
இருந்து பார்த்ததில்லை. பொய். ஒருக்கால்,
வெறும் நுனியில்.

பிறகு நீல பஸ்.
அந்நேரம் அதில் ஏறுபவர்களைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்
நகரத்தின் எந்தப் பாதி உறங்குகிறதென்று.
ஆஸ்பத்திரிச் சலவையிலிருந்து யூனிஸ்,
பேக்கரியிலிருந்து ஹோதான், நகக்கண்ணில் மாவோடு,
கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைத்த இடுப்போடு மிலாக்ரோஸ்.
எங்களுக்குள் ஒரு முறை இருக்கிறது,
யாரும் பேசி வைக்காத முறை:
ஒருத்தி விழித்திருக்க மற்றவர்கள் கண்ணயரலாம்.
இறங்கும் இடம் வர முழங்கையால் ஒரு தட்டு.

வியாழக்கிழமை என் முறை.
யூனிஸின் தலை என் தோளில் விழுந்தது.
கனம்.
வாய் சற்றுத் திறந்து, சிறுபிள்ளைபோல.
கை விறைத்தது. அசைக்கவில்லை.
மூச்சைக்கூட மெல்ல விட்டேன்.
எத்தனையோ நிறுத்தங்கள்; பனி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து பெய்தது;
மிட்லன்ட் தாண்டிய பிறகுதான் தட்டினேன்.

இரண்டு கிழமை கழித்து அறிக்கை வந்தது.
யூனிஸுக்குச் சில இடங்களில் 'தரவு இல்லை'.
அந்நேரம் நான் செத்திருந்தேனாக்கும் என்று சிரித்தாள்.
எனக்கு ஒரு நாளும் நாலு மணித்தியாலத்தைத் தாண்டவில்லை;
ஆனால் வியாழன் அதிகாலை,
மூன்று ஐம்பத்திரண்டு தொடக்கம் முப்பத்தெட்டு நிமிடம்
கை சிறிதும் அசையாத ஆழ்ந்த நித்திரை.

அந்தக் கிழமையிலேயே மிக நல்லது என்று
பச்சைக் கோடு போட்டிருக்கிறார்கள்.