கெண்டை

ஹைடல்பெர்க். ஆய்வகத்தின் நிலவறை.
முயல் தொடையிலிருந்து உருவிய ஒற்றை இழை,
தலைமுடிப் பருமன்.
இரண்டு கொக்கிகளுக்கு நடுவே கட்டி
ஏடிபி கரைசலில் அமிழ்த்தியிருக்கிறேன்.
ஒரு சொட்டு கால்சியம்.
இழுக்கிறது.

உள்ளே எதுவும் குறுகுவதில்லை.
இழைக்குள் இழை வழுக்கிப் போகிறது, அவ்வளவுதான்.
கோடிக் கைகள்: எட்டிப் பிடித்து, ஓர் இழுப்பு,
விட்டு, அடுத்த பிடி.
தேர் வடம்தான்; ஆனால் இங்கே
எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் தேர் திக்கும்.

ஏடிபியைக் கழுவி எடுத்தேன்.
பிடித்த கை பிடித்தபடி. கல்.
"பிண விறைப்பு" என்றாள் ஹெட்விக்,
பென்சிலைக் கடித்துக்கொண்டே.
விடுவதற்கும் தீனி வேண்டுமாம் அதற்கு.
லத்தீனில் தசை என்றால் சுண்டெலி என்றும் சொன்னாள்,
கோட்டை மாட்டியபடி.

இரவு மூன்று மணி. எனக்குச் சுண்டெலி அல்ல, மீன்:
தோலுக்கடியில் துள்ளி விறைத்த கெண்டை.
குளிர்ந்த தரையில் ஒற்றைக்காலில் நிற்கிறேன்.
எந்த அயனி, எந்தக் கதவு, எல்லாம் தெரியும்.
"விட்டுத் தொலையேன்" என்கிறேன், தமிழில்.
ஹீட்டர் குழாய் இரண்டு முறை தட்டுகிறது.
ஜன்னலுக்கு வெளியே நெக்கார்
யாரையும் பிடிக்காமல் போய்க்கொண்டிருக்கிறது.