கைப்பிரேக் கம்பி

வண்டியை வங்கி கொண்டுபோனது வியாழக்கிழமை.
புதன் இரவே ரேடியோவைப் பிடுங்கிவிட்டேன்.
பனியில் பிறந்த குட்டியைத் தூக்கி வருகிற மாதிரி
மேலங்கிக்குள் பொத்தி எடுத்துவந்தேன்.
வண்டியின் முகப்பில் ஒரு பொக்கைவாய்.
அவர்கள் கவனிக்கவில்லை, அல்லது
கவனித்து, போகட்டும் என்று விட்டிருக்கலாம்.

உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
எங்கள் கூடாரத்துக்கு மின்கம்பம் இன்னும் ஏறிவரவில்லை.
சூரியத் தகடு ஒன்று, லாரி பேட்டரி ஒன்று.
பன்னிரண்டு வோல்ட்.
வீட்டுக்கென்று விற்கிற எந்தப் பெட்டியும்
இதை முகர்ந்துகூடப் பார்க்காது.
வண்டிப் பெட்டிக்கு இதுதான் தாய்ப்பால்.

மஞ்சள் கம்பி நினைவுக்கு, சிவப்பு சாவிக்கு.
இரண்டையும் சேர்த்து முறுக்கினால்
சாவி திருகியபடியே இருக்கும்,
இரவும் பகலும் புறப்படத் தயார்.
கறுப்பு, வண்டியின் உடலைத் தொட வேண்டியது.
எங்களுக்கு உடல் மரச்சட்டமும் கம்பளியும்.
ஆகவே நேரே பேட்டரிக்கே இழுத்தேன்.
நாரன்தூல் சந்தையில் பதினோரு வருடமாய்
செல்போன் பழுது பார்க்கிறவளுக்கு
இதெல்லாம் ஒரு வேலையா.

பச்சையாய் ஒன்று மிஞ்சியது.
கைப்பிரேக்கிலிருந்து வருவது.
வண்டி நின்றால்தான் திரையில் படம் ஓடும்;
ஓட்டுகிறவன் கண் சாலையில் இருக்கவேண்டுமாம்.
அதையும் கறுப்போடு சேர்த்தேன்.
நின்றுவிட்டோம் என்று அதற்குச் சொல்லியாயிற்று.

சுமியாவுக்குச் சொல்லவில்லை.

அவன் வலப்பக்கம்தான் உட்காருவான்.
ஜப்பான் வண்டிக்கு ஸ்டியரிங் வலப்பக்கம்,
ஒன்பது வருடம் அங்கே உட்கார்ந்து டாக்ஸி ஓட்டிய இடுப்பு.
கூடாரத்தில் அது கிழக்கு, பெண்கள் பக்கம்,
பால் சட்டிகளுக்கும் என் பூட்ஸுக்கும் நடுவே.
பக்கத்து வேலிக்காரன் சுலூன்
"என்ன, பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துட்டியா?" என்பான்.
சுமியா சத்தத்தை மூன்று கோடு கூட்டுவான்.
அடுப்புப் புகைக்குழாய் நடுங்கும்.
நாய் எழுந்து வேலிக்கு வெளியே போய்ப் படுக்கும்.
கம்பளிச் சுவர் அடித்தொனியை முழுசாய் விழுங்கிக்கொள்ளும்,
வண்டிக்குள் கூட இவ்வளவு நன்றாய்க் கேட்டதில்லை.

எஃப்.எம். மட்டும் தொண்ணூறுக்கு மேல் ஏறாது.
எங்கள் நிலையங்கள் அநேகம் நூறுக்கு மேலே.
கிடைப்பது இரண்டு: வானிலை, ஒரு பாதிரியார்.

முடுக்கியதும் ஒரு பெண் பேசுவாள், ஜப்பானியில்,
அத்தனை மரியாதையாக.
சவாரிகளிடம் "உங்களை வரவேற்கிறாள்" என்று
சுமியா சொல்லிவந்திருக்கிறான்.
சுலூனின் மகள் அனுஜின் மொழி படிக்கிறவள்
போன மாதம் அர்த்தம் சொன்னாள்:
"சுங்க அட்டை செருகப்படவில்லை."
அவ்வளவுதான்.
ஒன்பது வருடம் கேட்டிருக்கிறாள்,
ஒருவரும் செருகவில்லை.
சுமியா சிரித்தான். பிறகு நேரம் கழித்து,
விளக்கை அணைத்தபின், "பாவம்" என்றான்.

வரைபடமும் உண்டு. ஜப்பான் தீவுகள் மட்டும்.
வானத்துளை வளையத்தில் ஆன்டெனாவை ஒட்டிவைத்திருக்கிறேன்,
விண்கோள்களுக்கு நாங்கள் தெரிகிறோம்;
திரைக்குத்தான் இந்த மண் தெரியாது.
வெறும் சாம்பல் நிறம், நடுவில் ஒரு சிவப்பு அம்பு,
எட்டு மாதமாய் ஒரே இடத்தில்.

ஜூனில் மேட்டை அளந்து கோடு போட்டார்கள்.
குடியிருப்பு வருகிறது, நகருங்கள் என்றார்கள்.
கூடாரத்தைப் பிரிக்க ஒரு காலை போதும்.
வளையம், கழிகள், கம்பளி, அடுப்பு, கட்டில்
எல்லாம் நீல லாரியின் முதுகில்.
பேட்டரியை மட்டும் கழற்றவிடவில்லை அவன்.
கட்டிலின் வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.
வளையம் மேலே வெயிலைப் பார்த்துக் கிடந்தது.

ஆற்றுப்பாலம் தாண்டும்போது கத்தினான்:
"நகருது! அம்பு நகருது!"
எட்டிப் பார்த்தேன்.
சாம்பல் நிறத்துக்குள் சாம்பல் நிறத்தை நோக்கி
அம்பு போய்க்கொண்டிருந்தது.
ஓரத்துச் சிறு கட்டத்தில் படமும் ஓடிக்கொண்டிருந்தது,
யாரோ யாரையோ குதிரையில் துரத்துகிறார்கள்.

பள்ளம் வந்தபோதெல்லாம்
அவன் வலது கால் கட்டில் சட்டத்தை மிதித்தது.
பச்சைக் கம்பி நான் முறுக்கியபடியே இருந்தது.
கைப்பிரேக் போட்டபடி
நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனோம்.