முப்பத்தாறு முக்காலிகள்

உட்காராதே என்று சொல்வதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
உஸ்மான் ரோடு, மூன்றாம் மாடி,
சுடிதாரும் ஜாக்கெட் துணியும்.
பதினெட்டு வருடம் சொன்னேன்.
பிற்பாடு சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை,
தொண்டையைச் செருமினால் போதும்.

கேமரா இல்லாத ஒரே இடம் ட்ரையல் ரூம்.
கதவுக்கும் தரைக்கும் நடுவே
ஒரு ஜாண் இடைவெளி, அதில் பாதம் தெரியும்.
உடுத்திப் பார்க்கிற பாதம் திரும்பும்,
கண்ணாடிக்கு ஒரு தரம், முதுகுக்கு ஒரு தரம்.
திரும்பாமல் அப்படியே கிடந்தால்
அது நம் கடைப் பாதம்.
கொலுசைக் கழற்றிய பிறகும்
கணுக்காலில் கொலுசின் பள்ளம்.
ஒரு நம்பர் கூடப் பார்த்து வாங்கிய செருப்பு.
அஞ்சுகம், ரெஜினா, பண்ருட்டிக் கோமளா,
முகத்தைவிடக் காலை வைத்தே ஆளைச் சொல்வேன்.
நூறுவரை எண்ணிவிட்டுத்தான் கதவைத் தட்டுவேன்.
அதற்கு இரக்கம் என்று
நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

உட்கார இடம் தர வேண்டும் என்று
சட்டம் வந்த பிறகு ஒரு நாள்
பாரிமுனையிலிருந்து டெம்போவில் வந்திறங்கின
முப்பத்தாறு முக்காலிகள்.
முதல் வாரம் அவற்றில் உட்கார்ந்தவை:
தண்ணீர் பாட்டில், பில் புக்,
விலை ஸ்டிக்கர் சுருள்,
யாரோ விட்டுப்போன குழந்தைத் தொப்பி.
பெண்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்,
ஈரப் பெயின்ட் பக்கத்தில் நிற்பதுபோல.

நான் செருமவில்லை.
சளி பிடித்திருந்தது, அப்போதும் செருமவில்லை.

எட்டாம் நாள் மதியம் மூன்றரைக்கு
அஞ்சுகம் உட்கார்ந்தாள்.
கால் தரையைத் தொடவில்லை.
"தொங்குற காலு நிக்கிற காலைவிட மோசம்ண்ணே."
என்னிடம் அவள் சொன்ன முதல் குறை.
அங்குலம் பார்த்துத் துணி கிழிக்கிற கடையில்
ஒரு முழங்காலை அளக்க
இத்தனை காலம் யாருக்கும் தோன்றவில்லை.
டேப்பை நீட்டினேன். அவர்களே அளந்தார்கள்.
பதினாறு. பதினைந்தரை.
கோமளாவுக்குப் பதினான்கே முக்கால்.
மண்ணடியிலிருந்து ரம்பத்தோடு ஆள் வந்தான்,
அறுத்து விழுந்த கட்டைகளைச் சேர்த்துக்
கால் வைக்க மணை அடித்தான்.
அடிக்கடி கேட்கிற லைனிங் துணி
உச்சித் தட்டிலிருந்து இடுப்புக்கு இறங்கியது.
அண்ணாந்து எடுத்த கழுத்துகளும்
கூடவே இறங்கின.

முதலாளிக்கு முழங்கால் விளங்காது,
கணக்கு விளங்கும்.
ஆடித் தள்ளுபடி முடிந்தால் வழக்கமாக
ஏழெட்டுப் பேர் ஊருக்கு பஸ் ஏறுவார்கள், திரும்ப மாட்டார்கள்.
புது ஆளுக்கு மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்குள்
தீபாவளி வந்து நிற்கும்.
இந்த வருடம் போனது இரண்டே பேர்,
அதில் ஒருத்திக்குக் கல்யாணம்.
கோணலாகக் கிழித்த துணி, மாறிப்போன பில்,
சாயங்காலம் ஏழுக்கு மேல் விழுகிற தப்பெல்லாம்
பாதிக்குப் பாதி இல்லை.
கால்குலேட்டரை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.
"முக்காலிக்கு என்ன ஆச்சு?"
சொன்னேன்.
"அவ்வளவுதானா?"
அந்தக் கேள்விக்குள்
பதினெட்டு வருடம் நின்றுகொண்டிருந்தது.

ஒரு அம்மா மட்டும் சண்டைக்கு வந்தார்,
"நாங்க நிக்கிறோம், நீ உக்காந்திருக்கியா?"
கோமளா எழுந்திருக்கவில்லை.
பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டாள்.
"உக்காருங்கக்கா, நெறைய கலர் இருக்கு."
கண்ணுக்கு நேரே கண்.
நாலு செட் எடுத்துப் போனார்,
கடைசிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

ட்ரையல் ரூம் பக்கம் இன்னும் நடக்கிறேன், பழக்கதோஷம்.
கதவுக்குக் கீழே
எல்லாப் பாதமும் திரும்புகிறது.
தூணடியில் என் பழைய இடம்,
என் உடம்பு சாய்ந்து சாய்ந்து
பெயின்ட் வழவழத்துப்போன தூண்.
ஆர்டர் கொடுத்தபோது
சூப்பர்வைசரைக் கணக்கில் எழுதவில்லை,
எழுதியது நான்தான்.

நேற்று ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
ரெஜினா வந்து நின்றாள், கழுத்தில் டேப்.
"அண்ணே,
உங்க முழங்கால் எத்தனை இன்ச்?"