பாகப்பிரிவினை

நெபியோலோச் சரிவில் பாதி ஒரெஸ்தேவுக்கு,
நிலவறையும் பெரிய பீப்பாய்களும் துல்லியாவுக்கு.
நோட்டரி வர இன்னும் அரைமணி.

கணக்கில் ஏறாத ஒரு பாட்டில்:
ஆலங்கட்டி அடித்த வருஷம்,
கிழிந்த இலைகளுக்குள் இருவரும் குனிந்து பொறுக்கியது.
எட்டுக் கூடை. அவ்வளவுதான்.

தக்கை பாதியில் முறிந்தது.
"எப்பவும் உன் அவசரம்" என்றாள்.
பதினோரு வருஷத்தில் அவனிடம் அவள் பேசிய
முதல் வாக்கியம்.

கோப்பை விளிம்பில் செங்கல் நிறம்.
முதலில் ஒன்றுமில்லை; பிறகு
வெயிலில் இளகும் தார்,
யாரோ புத்தகத்தில் வைத்து மறந்த ரோஜா.
நாக்கைக் கவ்விய துவர்ப்பு
எப்போது விட்டதென்று தெரியவில்லை.

"தேறிவிட்டது" என்றான் ஒரெஸ்தே.
எது என்று அவள் கேட்கவில்லை.

வாசலில் கார் நிற்கும் சத்தம்.
பாட்டிலை மேசைக்கடியில் வைத்தாள்,
வண்டல் கலங்காமல்.