முந்தைய மாடல்

ஒன்பது நாற்காலி போதும் எங்கள் குழுவுக்கு.
பதினோரு வருடம் போதுமாகத்தான் இருந்தது.
நான் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து குறிப்பு எழுதுவேன்.
குறிப்பு எழுதுகிறவனுக்கு வாக்கு கிடையாது,
முதுகில் குளிர் மட்டும் உண்டு.
மூன்று மாடிக்குக் கீழே தௌகவா ஆறு
பாதி உறைந்து, மீதி தயங்கிக்கொண்டிருந்தது.

மின்தூக்கிக் கதவுகளுக்கான உலகத் தரம்:
வரைவு, இரண்டாம் சுற்று, எழுநூற்று நாற்பது பக்கம்.
அதில் லாத்வியாவுக்கு ஒரே ஒரு வாக்கு.
அந்த ஒன்றை எந்தப் பக்கம் போடுவதென்று
ஒரு குளிர்காலம் முழுக்க
தொண்டை கட்டும்வரை பேசினார்கள் ஒன்பது பேரும்.
எங்கள் மொழியில்
குரலுக்கும் வாக்குக்கும் ஒரே சொல்.

வெல்கா ஸ்திராவ்த்மனே
பொல்தெராயாவில் ஒரு ஒன்பது மாடிக் குடியிருப்பில்
மூன்று ஞாயிறு ஸ்டாப்வாட்சோடு நின்றவள்.
ஊன்றுகோல்: ஒன்பது நொடி.
குழந்தைவண்டி, கூடவே உருளைக்கிழங்கு மூட்டை: ஏழு.
குடித்துவிட்டு வந்த துறைமுகத்துக்காரர்: பத்தொன்பது.
அவரைச் சராசரியில் சேர்ப்பதா என்று
நாற்பது நிமிடம் போனது.
சேர்க்கத்தான் வேண்டும் என்றான் குந்தார்ஸ்,
அவரும் வீட்டுக்குத்தானே போகிறார்.

பன்னிரண்டாம் பிரிவு, நான்காம் பத்தியை
வெல்காதான் கண்டெடுத்தாள்:
'கதவு மூடும் காலம்
நிறுவனத்தின் முந்தைய மாடலில் இருந்தவாறே
இருத்தல் வேண்டும்.'
எத்தனை நொடி?
பக்கத்தைத் திருப்பினோம், இணைப்புகளைப் புரட்டினோம்,
அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு வரை போனோம்.
எண் இல்லை.
எண், நிறுவனத்தின் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது.
வெல்கா ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தாள்:
யார் வீட்டுக் கதவு?

வாக்கெடுப்பு மதியம் ஒரு மணிக்கு.
பன்னிரண்டு இருபதுக்கு ஒருவர் வந்து
சந்தா எங்கே கட்டுவது என்றார்.
பிறகு ஒருவர். பிறகு மூவர்.
பிறகு கோட் மாட்ட ஆணி இல்லை.
கூட்டம் தொடங்குமுன் பணம் கட்டினால் உறுப்பினர்,
விதி அப்படி.
பதினான்கு ரசீது எழுதியதில் என் கையெழுத்து கோணிப்போனது.
மின்தூக்கி பொருத்துபவர்கள், உதிரிபாகம் விற்பவர்கள்,
எஸ்கலேட்டர் கைப்பிடி துடைக்கும் ஒரு கம்பெனி,
பிறந்து மூன்று வாரமே ஆன ஓர் ஆலோசனை நிலையம்.
பணம் வந்த பதினான்கு உறையும்
ஒரே வெள்ளை, ஒரே அளவு.
யாரும் எதையும் மறைக்கவில்லை.
மறைக்கிற அவசியமே வரவில்லை.

நாற்காலி போதவில்லை.
முதல் மாடித் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் இரவல் கேட்டேன்.
மெழுகு வாசனையோடு மடக்கு நாற்காலிகள்,
நடைக்கு மூன்றாக ஐந்து நடை.
மூன்றாவது நடையில் மின்தூக்கிக் கதவு
என் முழங்கையைக் கவ்வியது.
உள்ளே ஒரு பித்தளைத் தகடு:
அதே நிறுவனம். முந்தைய மாடல்.
நான்காவது நடையில் வாய்விட்டு எண்ணினேன்.
ஒன்று, இரண்டு, மூ
ஐந்தாவதிலும் அதுவேதான்.
எழுநூற்று நாற்பது பக்கத்தில் இல்லாத எண்
என் முழங்கையில் நீலமாய்க் கன்றியிருந்தது.

பன்னிரண்டு நான்கை யாரெல்லாம் படித்தீர்கள்
என்று எழுந்து கேட்டாள் வெல்கா.
புதியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.
அன்று அந்தப் பக்கமிருந்து கேட்ட சத்தம் அவ்வளவுதான்.
பதினைந்து கை உயர்ந்தது.
அப்புறம் எட்டு.
பதினைந்தாவது, குந்தார்ஸுடைய கை.
அதைத் தூக்கிவைத்துக்கொண்டே
அதிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.
முழங்கையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
ஏற்கப்பட்டது, 1.26 என்று எழுதினேன்.

நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது
ரெனார்ஸ் என்ற பையன் தானாக வந்து இரண்டைத் தூக்கினான்.
கைப்பிடி துடைக்கும் கம்பெனி.
முதல் மாடியில் கதவு மூட வந்தது,
பூட்ஸ் காலை நடுவில் வைத்து நின்றான்,
கடைசி நாற்காலி வெளியேறும்வரை.
'எப்பவும் இப்படித்தானா இது?'
இதற்குத்தான் கை தூக்கினாய் என்றேன்.
என்னைப் பார்த்தான், பூட்ஸைப் பார்த்தான்.
கதவு திரும்ப வந்து மோதியது.